சுவரோரத்து வார்ப்பிரும்பு

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் மாடியெடுத்துக் கட்டிய வீடுகளின் பின்சுவரைப் பார்த்தால், கருநிறக் குழாய் ஒன்று தரையிலிருந்து மொட்டைமாடிக்கு மேல் வரை நிமிர்ந்து நிற்கும். தமிழகத்து நகரங்கள் பலவற்றிலும் இதுவே காட்சி. விருத்தாசலத்தின் பழைய தெருக்களும் இதற்கு விலக்கல்ல. மாடிக் கழிவறையின் கழிவை மண்ணுக்குள் இறக்கும் வார்ப்பிரும்புக் குழாய் அது. ஆறடிக்கு ஒருமுறை அதன் கழுத்து தடித்திருக்கும். மேல் குழாயின் வாலைக் கீழ்க் குழாயின் வாய்க்குள் செருகி, சணல் திணித்து, உருக்கிய ஈயம் ஊற்றி அடைத்த இடம் அது. பூசிய கருந்தார் உதிர்ந்த இடங்களில் செம்பழுப்பு தெரியும். வீட்டுக்கு வண்ணம் அடிக்கும்போதெல்லாம் அதற்கும் ஒரு கை அடித்துவிடுவார்கள். அதற்குமேல் அதை யாரும் நினைப்பதில்லை, சுவரில் ஈரம் படரும் வரை.

இந்தக் குழாய்களுக்கு முதுமை வந்துவிட்டது. எப்போது மாற்றுவது, எதைக் கொண்டு மாற்றுவது, எந்த முறையில் மாற்றுவது என்ற கேள்விகள் இன்று பல குடும்பங்களின் முன் நிற்கின்றன. பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற விருத்தாசலத்தில் இக்கேள்விகளுக்குத் தனிச் சுவை உண்டு. இரும்பும் பீங்கானும் ஒருங்கே நெருப்பில் பிறப்பவை. ஆனால் நெருப்பு அவ்விரண்டுக்கும் செய்யும் வேலை நேர் எதிரானது. குழாய் ஏன் அழிகிறது என்பதற்கான விடை அந்த எதிர்மையில்தான் இருக்கிறது.

இரும்பு நிலத்தில் இரும்பாகக் கிடைப்பதில்லை. உயிர்வளியோடு பிணைந்த தாதுவாகக் கிடைக்கிறது. உலையில் கரியைக் கொட்டி எரித்து, அந்த உயிர்வளியைப் பிடுங்கி எறிந்தால்தான் உலோகம் வெளிப்படும். பிடுங்கியதை மீண்டும் பெற்றுக்கொள்ள அது காத்திருக்கிறது. ஈரமும் காற்றும் கிடைத்த கணத்திலிருந்து இரும்பு தன் பழைய தாது நிலைக்குத் திரும்பத் தொடங்குகிறது. அதையே துரு என்கிறோம். களிமண்ணின் கதை வேறு. அதிலுள்ள அலுமினியமும் சிலிக்கானும் உயிர்வளியை இரும்பைவிட மிக இறுக்கமாகப் பற்றிக்கொண்டவை. சூளையில் எவ்வளவு சுட்டாலும் அந்தப் பிடி தளர்வதில்லை. நீர் மட்டும் வெளியேறுகிறது, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. சுட்ட மண் உயிர்வளியோடு சேர வேண்டிய அளவுக்கு முன்பே சேர்ந்துவிட்ட பொருள். அது துருப்பிடிப்பதற்கு அதனிடம் எதுவும் மிச்சமில்லை.

இரும்பை உருக்கி வார்க்கும் முயற்சி இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. விருத்தாசலத்தை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அந்தப் பரங்கிப்பேட்டையில்தான் 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இரும்பாலை ஒன்றை எழுப்பினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியை விட்டு வந்தவர் அவர். சேலத்துத் தாதுவையும் மரக்கரியையும் கொண்டு ஐரோப்பிய முறையில் வார்ப்பிரும்பு ஆக்கியது அந்த ஆலை. காட்டை வெட்டிக் கரியாக்கும் செலவும், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய மலிவான இரும்பும் சேர்ந்து அதை நசுக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் முன்பே அதன் உலைகள் அணைந்தன. எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றவரும் இதே ஹீத்தான். இந்தியாவின் இரும்பு வரலாற்றில் கடலூர் மாவட்டத்துக்கு இப்படியொரு பங்கு உண்டு என்பதைப் பள்ளிப் பாடங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

குழாய்க்கு வார்ப்பிரும்பைத் தேர்ந்தவர்கள் அறியாமையால் தேரவில்லை. தூய இரும்பு உருக 1538 பாகை வெப்பம் வேண்டும். நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கரிமம் கலந்துவிட்டால் 1150 பாகைக்குச் சற்று மேலேயே அது நீராய் உருகி, மணல் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாய்ந்து நிரம்பும். ஆறும்போது அந்தக் கரிமத்தின் பெரும்பகுதி மெல்லிய கிராபைட் இதழ்களாகப் பிரிந்து உலோகத்துக்குள் படியும். பென்சிலுக்குள் இருப்பதும் இந்தக் கிராபைட்டுதான். வார்ப்பிரும்பைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் வளையாமல் உடைந்துபோவதற்கு இந்த இதழ்களே காரணம். அமுக்கத்தை அது நன்றாகத் தாங்கும். இழுப்பையும் அடியையும் தாங்காது. ஆனால் மண்ணுக்குள் புதைத்த குழாய்க்கு அடி விழுவது அரிதுதானே. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்ட நீரூற்றுகளுக்குப் பதித்த வார்ப்பிரும்புக் குழாய்கள் முந்நூறு ஆண்டுகள் கடந்தும் நீர் கொண்டு சென்றன.

சென்னை நகரின் குடிநீர் வரலாறும் வார்ப்பிரும்பின் வரலாறே. ஜே. டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர் வகுத்த திட்டத்தின்படி கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் இயங்கத் தொடங்கியது. தியாகராய நகரில் அவர் பெயரால் இன்றும் ஒரு சாலை உண்டு. அந்தக் காலத்தில் தெருக்களுக்கு அடியில் இறங்கிய வார்ப்பிரும்புக் குழாய்களில் பல, நூறாண்டைத் தாண்டி உழைத்தன. இப்போது பகுதி பகுதியாக மாற்றப்படுகின்றன. குழாய் உடையாமலே இருந்தாலும் உள்ளே அது குறுகிக்கொண்டே போகிறது என்பதுதான் மாற்றுவதற்கு முதல் காரணம். இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிர்களும் நீரில் கரைந்த உயிர்வளியும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் துருக் கட்டிகளை முளைக்க வைக்கின்றன. நீரியலில் ஹேசன், வில்லியம்ஸ் என்ற இருவர் வகுத்த வாய்பாடு ஒன்று வழக்கில் உள்ளது. புதிய வார்ப்பிரும்பின் வழவழப்புக்கு அதில் 130 என்று மதிப்பு. கட்டி தட்டிய பழங்குழாய்க்கு 80 அல்லது அதற்கும் கீழே. நூறு மில்லிமீட்டர் உட்கூடு எழுபத்தைந்தாகச் சுருங்கி, மதிப்பும் 80-க்கு இறங்கினால், அதே அழுத்தத்தில் முன்பு போன நீரில் பத்தில் மூன்று பங்குகூடப் போகாது. விட்டத்தில் கால்பங்கு போனதற்கு நீரில் முக்கால் பங்குக்கு அருகே இழப்பு. தெருவில் எக்கியின் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போவதில் என்ன பயன் என்று கேட்பவர்க்கு இக்கணக்கே விடை.

வீட்டுக்குள் கதை வேறு. நம் வீடுகளில் குடிநீரும் புழங்குநீரும் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயில்தான் ஓடின. வார்ப்பிரும்பு, கழிவறைக் குழாய்க்கும் குளியலறைக் கழிவுநீர்க் குழாய்க்கும் மழைநீர் இறங்கும் குழாய்க்குமே வந்தது. இதில் நீர் நிரம்பி ஓடுவதில்லை. உட்சுவரை நனைத்தபடி வழிந்து இறங்கும். மீதி இடமெல்லாம் காற்று. அந்தக் காற்றில்தான் நஞ்சு திரள்கிறது.

கழிவுநீர் படியும் இடத்தில் வழுவழுப்பான ஒரு படலம் வளர்கிறது. அதன் ஆழத்தில் உயிர்வளி எட்டாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள சல்பேட்டிலிருந்து உயிர்வளியை எடுத்துக்கொண்டு, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வளியை வெளியே விடுகின்றன. அவ்வளி காற்றோடு கலந்து குழாயின் ஈரமான உட்சுவரில் ஒட்டுகிறது. அங்கே காத்திருக்கும் மற்றோர் இனப் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்குகிறது. பெரிய கழிவுநீர்ச் சாக்கடைகளின் மேல்வளைவில் படியும் ஈரத்தை அளந்தால், அமிலத்தன்மை பிஎச் 2-க்கும் கீழே போயிருக்கும். வீட்டுக் குழாயில் இவ்வளவு கடுமை வருவது அரிது. ஆனால் அரை நூற்றாண்டு நீளும் மெல்லிய கடுமையும் கடுமையே.

அமிலமும் ஈரமும் வார்ப்பிரும்பை அரிக்கும் விதம் உலோகவியற் பொறியாளர்களையே வியக்க வைப்பது. இரும்பு மட்டும் கரைந்து வெளியேறுகிறது. கிராபைட் இதழ்கள் கரைவதில்லை. இரும்பு போன இடத்தைத் துரு நிரப்ப, இதழ்களும் துருவும் பின்னிக்கொண்டு குழாயின் வடிவத்தை அப்படியே தாங்கி நிற்கின்றன. கரையான் அரித்த நிலைக்கதவைப் போல, வண்ணமும் வடிவமும் குலையாமல் இருக்க, உள்ளிருந்த வலு மட்டும் போய்விடுகிறது. இவ்வாறு மாறியிருக்கிறதா என்றறிய, குழாயின் வெளிப்புறத்தை ஒரு பேனாக்கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உலோகமாய் இருந்தால் கத்தி வழுக்கும், வெண்மையான கீறல் மின்னும். அரிபட்டிருந்தால் கத்தி இறங்கும். கரிய தூள் உதிரும். விரலில் தேய்த்தால் பென்சில் பொடியாய்ப் பளபளக்கும். கத்தி ஆழமாக இறங்கியபின்பே உலோகம் தட்டுப்பட்டால் குழாய் அந்தப் பக்கத்தில் முடிந்துபோனதென்றே கொள்ள வேண்டும். ஏனெனில் அக்குழாயின் சுவரே நான்கைந்து மில்லிமீட்டர்தான்.

சுரண்டுவதற்கு முன் தட்டிப் பார்ப்பதும் நல்ல முறை. சிறிய சுத்தியால் மெல்லத் தட்டினால், உயிருள்ள வார்ப்பிரும்பு கணீரென்று ஒலிக்கும். அரிபட்டதும் விரிசல் விட்டதும் மந்தமாய்க் கட்டைக்குரல் கொடுக்கும். குழாயின் முன்பக்கத்தை மட்டும் நம்பக் கூடாது. வண்ணம் அடிக்கும் கை எட்டாத, சுவரை ஒட்டிய பின்பக்கத்தில்தான் நெடுக்காக விரிசல் முதலில் வரும். மழைநீர் அந்த இடுக்கில் தேங்குகிறது, காய்வதற்கு வெயிலும் படுவதில்லை. சுவரின் சுண்ணாம்புப் பூச்சு குழாயின் பின்னால் மட்டும் பொருமியிருந்தால், நோய் அங்கேதான்.

முற்காலத்தில் இதற்குக் காப்பாகக் கருந்தார்க் கலவையில் குழாயை முக்கி எடுத்தார்கள். மான்செஸ்டர் வேதியியலாளர் இராபர்ட் ஆங்கஸ் சுமித் பெயரால் வழங்கிய கலவை அது. அமில மழை என்ற கருத்துக்கு 1872-இல் பெயர் சூட்டியவரும் அவரே. ஆலை நகரத்து வானத்தின் அமிலத்தையும் குழாயின் அரிப்பையும் ஒரே மனிதர் எண்ணிப் பார்த்திருக்கிறார். இரண்டிலும் கந்தகமே பகைவன்.

இனி மண்ணின் பக்கம் வருவோம். விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் ஜாடியும் மின்கம்பிக்கான பீங்கான் பொருள்களும் உருவாகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டயப் படிப்பு நடத்தும் அரசுப் பயிலகம் இவ்வூரில் உள்ளது. அருகில் நெய்வேலி, அங்கே பழுப்பு நிலக்கரியின் மேலே படிந்திருக்கும் அடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. பொறியாளர்கள் நிலக்கரிக்காக அகற்றும் மேல்மண்ணில் குயவரின் செல்வம் கலந்திருந்தது. தொழில் இங்கே வேரூன்றியதற்கு மண்ணின் இந்த அருகாமை ஒரு பெருங்காரணம்.

களிமண்ணைச் சூளையில் ஏற்றும்போது நடப்பது அழகானது. ஏறத்தாழ 500 பாகையைக் கடக்கும்போது மண்ணின் படிகக் கட்டுக்குள் சிறைப்பட்டிருந்த நீர் வெளியேறும். அதன்பின் அந்தப் பொருளை நீரில் ஊறவைத்துப் பிசைந்து மறுபடி களிமண்ணாக்க முடியாது. அது திரும்பிவரும் வழியை விட்டுவிட்டது. 1000 பாகைக்கு மேலே ஊசிபோன்ற புதிய படிகங்கள் முளைக்கின்றன. இன்னும் ஏறினால் மண்ணிலுள்ள உருகுபொருள்கள் கண்ணாடியாய் இளகி, துகள்களுக்கிடையிலுள்ள துளைகளை அடைத்துவிடுகின்றன. நல்ல கழிவறைப் பீங்கான் தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குகூட நீர் குடிப்பதில்லை. அதைச் சுற்றி மெருகு. ஒரு கழிவறைக் கோப்பையின் உடைந்த விளிம்பைப் பார்த்தால் இம்மூன்றும் தெரியும்: மேலே மெல்லிய கண்ணாடி மெருகு, அடுத்து வெண்மையான இறுகிய உடல், உடைந்த முகத்தில் சிப்பிபோல் வளைந்த வெட்டு. அந்த மெருகில் அமிலத்துக்குப் பிடிப்பதற்கு இடமே இல்லை.

சுடுமண்ணைக் குழாயாக்கும் அறிவு நம்மிடம் மிகப் பழையது. கீழடி அகழாய்வில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் சுடுமண் குழாய்கள் கிடைத்துள்ளன. அதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே மொகஞ்சதாரோவின் வீடுகளில் சுடுமண் குழாய் வழியாகக் கழிவுநீர் இறங்கியது. நம் கோயில்களில் கருவறையின் திருமுழுக்கு நீர் கல்லில் குடைந்த கோமுகி வழியே வெளியேறுகிறதல்லவா, நீரை அடக்கமாக வெளியேற்றும் கலை நமக்கு எங்கிருந்தும் இறக்குமதியானதில்லை. ஆனால் சுடுமண் குழாயைப் பெருந்தொழிலாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டன். காலராவும் நச்சுக்காய்ச்சலும் மக்களைக் கொன்றுகொண்டிருந்த அந்நகரில், எட்வின் சாட்விக் என்பவர் மெருகேற்றிய சுடுமண் குழாய்களுக்காகப் போராடினார். ஹென்றி டௌல்டன் 1846-இல் அத்தகைய குழாய்களுக்கென ஆலை தொடங்கினார். சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது உள்ளே உப்பை அள்ளி வீசுவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் மண்ணின் சிலிக்காவோடும் அலுமினாவோடும் கலந்து, குழாய் முழுதும் கண்ணாடித் தோலாய்ப் போர்த்திக்கொள்ளும். உப்பு மெருகுக் குழாய் என்று நம் கட்டடத் தொழிலாளர் சொல்லும் பழுப்பு நிறக் குழாய் அதுவே. இந்தியத் தர நிறுவனத்தின் 651-ஆம் எண் தரவரையறை அதற்கு உரியது.

அப்படியென்றால் பழைய வார்ப்பிரும்பைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் சுடுமண்ணாக மாற்றிவிடலாமா? இந்த ஊரில் நின்று அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் சுடுமண் குழாய் இரண்டு மூன்றடி நீளத்துக்கே வருகிறது. அதனால் இணைப்புகள் பெருகுகின்றன. அவற்றைச் சணலும் சிமெண்ட்டும் கொண்டு அடைத்தால் இணைப்பு இறுகி நிற்கும், அசையாது. விருத்தாசலம் வட்டத்தின் கரிசல் மண் அசையும். மழையில் பொங்கும், கோடையில் பிளக்கும். மண் அசைந்து இணைப்பு அசையாவிட்டால் குழாய் முறியும். முறிந்த இடத்தில் ஈரம் தேடி மரவேர் நுழையும். சுடுமண் குழாய்க்கு வந்த பழியெல்லாம் இணைப்பால் வந்ததே, சுட்ட மண்ணால் வந்ததில்லை. ஐரோப்பாவில் இன்று நீண்ட சுடுமண் குழாய்களை இரப்பர் வளைய இணைப்போடு செய்கிறார்கள். அசைந்துகொடுக்கும் அத்தகைய குழாயை இங்கேயே ஆக்க முடியுமானால் மண்ணும் திறனும் பயிலகமும் இருக்கும் இவ்வூர் அதற்கு ஏற்ற இடம் என்பது என் உறுதியான எண்ணம். இன்றைய சந்தையில் அது எளிதில் கிடைக்காத வரை, நாம் கிடைப்பதைக் கொண்டே செய்ய வேண்டும்.

இன்று கிடைப்பது பிவிசி. சுவரோரக் குழாய்க்கு அதுவே தகுதியானது. இந்தியத் தரவரையறை 13592-இன்படி அதில் இரு வகை உண்டு. மெல்லிய 'ஏ' வகை காற்றுப்போக்கிக்கும் மழைநீருக்கும் உரியது. கனத்த 'பி' வகை கழிவறைக்கும் கழிவுநீருக்கும் உரியது. விலையைப் பார்த்து 'ஏ' வகையைக் கழிவறைக்கு மாட்டுபவர் நாளைய நோயை இன்றே வாங்குகிறார். வார்ப்பிரும்பைப்போல் பிவிசியில் அமிலமும் துருவும் எட்டிப்பார்க்காது. எடையிலும் பெரிய வேறுபாடு: நான்கு அங்குல வார்ப்பிரும்பு மீட்டருக்குப் பத்துக் கிலோவைத் தொடும் அல்லது தாண்டும், அதே அளவு பிவிசி ஒன்றரைக் கிலோ. ஆயினும் அதற்கும் குறைகள் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் அதை நொறுங்கச் செய்யும். வெப்பத்தில் அது நீளும். மூன்று மீட்டர் வார்ப்பிரும்பு இருபது பாகை வெப்பம் ஏறினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் நீளும். பிவிசியோ நான்கு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். பின்சுவர் மேற்கு நோக்கியிருந்தால், சித்திரை வெயிலில் அந்தக் குழாய் நாள்தோறும் நீண்டும் சுருங்கியும் மூச்சு விடும். அதற்காகவே அதன் இணைப்புகளில் இரப்பர் வளையம் வைக்கிறார்கள். குழாயை முழுவதும் அழுத்திச் செருகியபின், சுமார் பத்து மில்லிமீட்டர் வெளியே இழுத்து விட வேண்டும். இந்த ஒரு செயலைச் செய்யாமல் விட்டதால் வளைந்துபோன குழாய்கள் எத்தனையோ. கிளாம்புகளும் குழாயை இறுக்கிக் கட்டாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

பிவிசிக்கு இன்னொரு குறை ஓசை. வார்ப்பிரும்பின் கனம், உள்ளே விழும் நீரின் சலசலப்பை அடக்கிவிடும். பிவிசி அதை அறைக்குள் கேட்கவிடும். படுக்கையறைச் சுவரை ஒட்டிக் குழாய் இறங்கினால், அதைச் சுற்றிப் பஞ்சுத் தகடு பொதிந்து மரப்பலகையால் மூடலாம். மூடுபலகையைக் கழற்றும்படி வைக்க வேண்டும்.

பழையதைக் கழற்றுவதில்தான் உயிருக்கு இடரான வேலை உள்ளது. பத்து மீட்டர் உயரக் குழாய் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். கீழே ஒரு துண்டை அறுத்துவிட்டால் மேலே உள்ளது முழுதும் துருப்பிடித்த ஆணிகளில் தொங்கும். எனவே மேலிருந்து கீழாகவே கழற்ற வேண்டும். ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். கீழே யாரும் நிற்கலாகாது. சில வீடுகளில் மழைநீர்க் குழாயோ காற்றுப்போக்கியோ கல்நார் சிமெண்ட்டால் ஆனதாக இருக்கும். அதை இரம்பத்தால் அறுத்தால் எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, இணைப்பிலிருந்து முழுதாகக் கழற்ற வேண்டும்.

இதைவிடப் பெரிய இடர் குழாயின் கீழே, மலக்குழிக்குள் உள்ளது. முன்னே சொன்ன அதே ஹைட்ரஜன் சல்பைடு அங்கே திரண்டிருக்கும். காற்றைவிடக் கனமானதால் குழியின் அடியில் படுத்திருக்கும். பத்து இலட்சத்தில் நூறு பங்கு கலந்தாலே மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போய்விடும்; அதைவிட மிக அதிகமாக ஏறினால் சில மூச்சுகளில் ஆள் சரிந்துவிடுவார். காப்பாற்ற இறங்குபவரும் சரிவார். இந்நாட்டில் ஆண்டுதோறும் இதனால் உயிர்கள் போகின்றன. போகும் உயிர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவை என்பது நம் அனைவருக்கும் தெரிந்த வெட்கம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மலக்குழியைத் துப்புரவு செய்ய மனிதரை இறக்குவதைத் தடை செய்கிறது. குழாய் மாற்றும் வேலைக்கு நடுவே குழியில் அடைப்பு என்று தெரிந்தால் உறிஞ்சும் வண்டியை வரவழைக்க வேண்டும். "ரெண்டு நிமிஷம்தான், இறங்கிப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று ஒருவர் முன்வந்தாலும் வீட்டுக்காரர் ஒப்பக் கூடாது.

பாதியை மட்டும் மாற்றுவதும் தவறான சிக்கனம். மேலே பிவிசி, கீழே பழைய வார்ப்பிரும்பு என்று விட்டால், இணைப்பில் சிமெண்ட் பூசி மூடுவார்கள். ஒன்று நீளும், மற்றது நீளாது; ஓராண்டில் அந்தப் பூச்சு விரியும். தவிர்க்க முடியாத இடத்தில் இரு புறமும் எஃகுப் பட்டையால் இறுக்கும் இரப்பர் இணைப்பு வேண்டும். மண்ணுக்குள் போகும் பகுதி இன்னும் நலமாயிருக்கிறதா என்று தட்டியும் சுரண்டியும் பார்த்தபின்னரே அதை விட்டுவைக்க வேண்டும்.

மண்ணுக்குள் புதிய குழாய் பதிக்கும்போது சரிவே தலையானது. நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்பது பழைய பட்டறிவு: பத்து மீட்டர் ஓட்டத்துக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர் இறக்கம். சரிவு குறைந்தால் திண்மம் தங்கும். மிகுந்தால் நீர் முந்தி ஓடித் திண்மம் பின்தங்கும். குழாய்க்கு அடியிலும் சுற்றிலும் மணல் பரப்ப வேண்டும்; கரிசலில் இது மிகவும் தேவை. கழிவறைக் கோப்பைக்கு அடியில் வளைந்து நீர் தேங்கும் டிராப் பகுதியில், 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் வகுத்த அதே தத்துவம் இன்றும் வேலை செய்கிறது. அந்தச் சிறு நீர்த்தேக்கமே வீட்டுக்கும் சாக்கடை வளிக்கும் இடையில் நிற்கும் ஒரே கதவு. மேல்மாடியில் நீர் பாயும்போது கீழ்வீட்டு டிராப்பிலிருந்து அந்நீர் உறிஞ்சப்படாமல் இருக்கக் காற்றுப்போக்கி வேண்டும். பழைய குழாயின் முனை மொட்டைமாடிக்கு மேலே ஏன் திறந்தபடி நீண்டிருந்தது என்பதற்கு இதுவே விடை. புதியதை மாடிச்சுவர் மட்டத்தில் வெட்டி நிறுத்துவது இக்காலத்தில் பெருகிவரும் பிழை. அங்கே அறை கட்டினாலும், துணி உலர்த்தினாலும், நாற்றம் கீழே வரும்.

வேலை முடிந்தபின் மண்ணை மூடுமுன் ஒரு சோதனை. கீழ் முனையை அடைத்து, மேலிருந்து நீர் நிரப்பி, ஒரு கோடு வரைந்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். கோடு இறங்கினால் எங்கோ கசிகிறது. இதைச் செய்யாமல் குழியை மூடுபவரிடம் வேலை கொடுக்கலாகாது. குழாய் எங்கே வளைகிறது, எவ்வளவு ஆழத்தில் உள்ளது, சேம்பர் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்த தலைமுறைக்குச் சுவரை இடிக்க வேண்டியிராது.

கழற்றிய பழைய இரும்பை எடைக்கடைக்குப் போடுமுன் இணைப்புகளில் உள்ள ஈயத்தைப் பிரித்துவிட வேண்டும். ஈயம் 327 பாகையில் உருகிவிடும். அதனால் வீட்டு அடுப்பிலேயே உருக்கிவிடலாமென்று தோன்றும், செய்யக் கூடாது. அதிலிருந்து எழும் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளைக்கு நஞ்சு. ஈயம் நீங்கிய இரும்பு, நல்ல பகுதியும் அரிபட்ட பகுதியும் சேர்ந்தே, எடைக்கடைகள் வழியாக வார்ப்பு ஆலைகளுக்குப் போகும். கோவையின் வார்ப்பாலைகளில் அப்படிப் போகும் பழைய இரும்பு மறுபடி உருகி, எக்கி உடல்களாக வார்க்கப்படுகிறது.